காற்றின் அளவு

புனே நகரத்து ராஸ்தா பேட்டையில் மளிகைக் கடை வைத்திருப்பவன் நான். வாஷிச் சந்தையிலிருந்து புளி, மிளகாய், தனியா முதலிய சரக்குகளை வாரந்தோறும் ஏற்றி வருவதற்கென்று ஒரு பிக்கப் வண்டி வாங்கினேன். அதை ஓட்ட வந்தவர் சாத்தாரா மாவட்டத்துப் பெரியவர். என்னினும் பத்து வயது மூத்தவர். நான் அவரைக் காகா என்பேன். அவர் என்னைச் சாஹேப் என்பார். அவருக்கு எழுத்தறிவு குறைவு. காலையில் வண்டியைச் சுற்றி வந்து, டயரைக் காலால் அழுத்திப் பார்த்து, இன்று காற்று போதும், இன்று போதாது என்று சொல்லிவிடுவார். படித்தவனாகிய எனக்கு அது நகைப்பாக இருந்தது.

2011ஆம் ஆண்டு ஜூலை மாதம் புதிய டயர்கள் மாட்டினோம். அவற்றின் பக்கச்சுவரில் 65 என்னும் எண் பொறித்திருக்கக் கண்டேன். சதுர அங்குலத்துக்கு 65 பவுண்டு அழுத்தம் என்பது பொருள். முன்னிருந்த ‘மேக்ஸ்’ என்னும் சொல்லை நான் பொருட்படுத்தவில்லை. “செய்தவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். நான்கிலும் இந்த அளவே அடைத்துவிடுங்கள்” என்றேன். காகா தயங்கினார். “சாஹேப், ரிகாமி காடி” என்றார். வெறும் வண்டி என்பது அதன் பொருள். நான் செவிசாய்க்கவில்லை.

மறுநாள் விடியற்காலையில் கண்டாலா மலைச்சரிவில் கனத்த மழை. ஒரு வளைவில் பிரேக்கை மிதித்தபோது பின்சக்கரங்கள் துள்ளின. வண்டி வழுக்கிச் சுழன்று மலைப்பக்கச் சுவரில் மோதி நின்றது. மறுபக்கம் சென்றிருந்தால் பள்ளத்தாக்கு. எனக்குச் சிராய்ப்பு; காகாவுக்குத் தோளெலும்பு முறிந்தது. மருத்துவமனைக்கு ஓடிவந்த அவர் மகன், என்ன நடந்தது என்று கேட்டான். “மழை” என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டார் காகா. நானும் வாய் திறக்கவில்லை. விபத்தினும் அந்த மௌனமே என்னை நெடுநாள் வருத்தியது.

கற்க வேண்டியதை அதன் பிறகே கற்றேன். ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒரு சிறு தகடு. வாங்கிய நாள் முதல் அங்கேதான் இருந்தது. முன்சக்கரத்துக்கு ஓர் அளவு, பின்சக்கரத்துக்கு வெறுவண்டியில் ஓர் அளவு, பாரத்தோடு வேறோர் அளவு. மூன்றும் 65க்குக் கீழே. டயரின் சுவரில் இருப்பது டயர் தாங்கும் உச்சம். தகட்டில் இருப்பதே வண்டிக்கு வேண்டிய அளவு.

பாரத்தை ரப்பர் சுமப்பதாக நினைக்கிறோம். பெரும்பாலும் சுமப்பது உள்ளே அடைபட்ட காற்றே. பாரம் மிகுந்து காற்றுக் குறைந்தால், டயரின் சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடிந்து நிமிர்ந்து சூடேறுகிறது, ஓரங்கள் தேய்கின்றன, நெடுவழியில் வெடிக்கவும் கூடும். பாரமின்றிக் காற்று மிகுந்தாலோ, டயர் நடுவில் புடைத்துத் தரையைக் குறுகலாகத் தொடுகிறது, நடுப்பகுதி தேய்கிறது, மேடுபள்ளத்தில் துள்ளுகிறது, ஈரத்தில் பிடிப்பை இழக்கிறது. காரின் சுமை அத்துணை மாறுவதில்லை. பிக்கப் வண்டியின் பின்னச்சோ ஒரே நாளில் வெறுமையையும் நிறைபாரத்தையும் காண்பது.

அளப்பதற்கும் காலம் உண்டு. ஓடிய டயரில் காற்று சூடாகி அழுத்தம் உயர்ந்து காட்டும். அதைக் கண்டு காற்றை இறக்கிவிட்டால், ஆறியபின் குறைந்து நிற்கும். ஆகவே மூன்று மணி நேரமேனும் நின்ற வண்டியில் அளக்க வேண்டும். சந்தையில் எங்களுக்கு அவ்வளவு நேரம் எப்படியும் ஆகிவிடும். சரக்கேற்றியபின் அங்கேயே பின்சக்கரங்களுக்குக் காற்றுக் கூட்டுகிறோம். கடையில் இறக்கியபின், டயர் ஆறியதும் மீண்டும் குறைக்கிறோம்.

தீபாவளிக்குமுன் காகாவின் வீட்டுக்குச் சென்றேன். மகன் முன்னிலையில், “பிழை மழையுடையது அன்று, என்னுடையது” என்றேன். அவர் சிரித்துத் தேநீர் கொண்டுவரச் சொன்னார். வாங்கிச் சென்றிருந்த காற்றழுத்த மானியை அவர் கையில் கொடுத்தேன். எண்கள் அவருக்குத் தெரியும். கால் சொல்லும் கணக்கு எப்போதும் சரியாவதில்லை என்று கண்டு, இன்று அவரும் மானியையே நம்புகிறார். ஆனால் எத்தனை என்று இப்போது கேட்பவன் நான், சொல்பவர் அவர்.

மயிற்பீலியே ஆயினும் மிகுதியாக ஏற்றினால் அச்சு முறியும் என்று வலியறிதலில் வள்ளுவர் உரைத்ததை இளமையிலேயே படித்தவன் நான். வெறுவண்டிக்கும் ஓர் அளவு உண்டு என்பதைக் காகாவிடமே கற்றேன்.