விண்ணப்பத்தில் ஒரு கேள்வி

சுங்காய் தோட்டத்து லயத்தில் நாங்கள் இருந்த காலத்தில், பக்கத்துப் பட்டணத்தில் தேவாலயத்தார் நடத்திய பாலர்பள்ளியில்தான் அம்மா என்னைச் சேர்த்தார். பால்மரம் வெட்டிய உடுப்போடு வந்து நின்றவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: “நாங்க மாரியாத்தா கும்புடுறவங்க. பிள்ளையச் சேத்துக்குவீங்களா டீச்சர்?” திருநீற்றோடுதான் போனேன். யாரும் அழிக்கச் சொல்லவில்லை. ஜெப நேரத்தில் கண்ணை மூடிக்கொண்டு பத்து மணி பலகாரத்தை நினைத்துக்கொண்டிருப்பேன்.

கடந்த ஆண்டு என் அக்காள் மகள் ஒரு கிறிஸ்துவப் பராமரிப்பு இல்லத்தில் கணக்கர் வேலைக்கு மனுச் செய்தாள். நேர்காணல் நன்றாக நடந்திருக்கிறது. கடைசியில், எந்தச் சபை என்று கேட்டார்கள். இந்து என்றதும், வேலை சபையாருக்கு மட்டும்தான் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

“மாமா, இது சட்டப்படி சரியா? எல்லாருக்கும்தானே இல்லம் நடத்துறாங்க?”

கூட்டரசு அரசியலமைப்பின் 8ஆவது விதியைத் தேடிப் படித்தோம். மதம், இனம், வம்சம், பிறந்த இடம், பாலினம் ஆகியவற்றை மட்டும் காரணம் காட்டிக் குடிமக்களிடையே பாகுபாடு கூடாது என்கிறது 8(2). பாலினம் என்ற சொல் 2001இல்தான் சேர்ந்தது. அவள் முகம் மலர்ந்தது. அடுத்த பக்கத்தைப் புரட்டினால் 8(5) இருக்கிறது. ஒரு மதத்தைச் சேர்ந்தவர்கள் நிர்வகிக்கும் நிறுவனம், தன் வேலைகளை அந்த மதத்தினருக்கே ஒதுக்குவதை இந்த விதி தடுக்காது என்று அதில் தெளிவாகவே எழுதியிருக்கிறது. அந்த விலக்கு இல்லாவிட்டாலும் அவளுக்குப் பெரிய பலன் இருந்திருக்காது. கர்ப்பமானதால் வேலை இழந்த விமானப் பணிப்பெண் பியட்ரிஸ் பெர்னாண்டஸின் வழக்கில், தனியார் வேலை ஒப்பந்தத்துக்கு 8ஆவது விதி எட்டாது என்று கூட்டரசு நீதிமன்றம் 2005இல் சொல்லிவிட்டது.

போதகர் வேலை என்றால் எனக்குக் கேள்வியே இல்லை. வரவு செலவுப் புத்தகத்துக்கு என்ன ஞானஸ்நானம்? சரி, சபையார்தான் வேண்டுமென்றால் விளம்பரத்திலேயே போட்டிருக்கலாம். பஸ் காசாவது மிஞ்சியிருக்கும். பிள்ளைகள் விஷயத்தில் சட்டம் இன்னும் கண்டிப்பு: தன் மதமல்லாத வழிபாட்டில் கலந்துகொள்ள யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது 12(3). அம்மாவுக்கு அந்த எண் தெரியாது. கேள்வி மட்டும் தெரிந்திருந்தது.

மருமகளிடம் நான் சொல்லாத ஒன்று உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் கோயில் கமிட்டிக்கு ஒரு கிராணி தேவைப்பட்டது. நான்தான் செயலாளர். வந்த மனுக்களில் எங்கள் லயத்துக் கிறிஸ்துவப் பையனுடையதும் ஒன்று. கையெழுத்து முத்து முத்தாக இருந்தது. கோப்பின் அடியில் வைத்துவிட்டேன், பதில்கூடப் போடவில்லை.

இப்போது அவன் பீடோரில் மோட்டார் பட்டறை வைத்திருக்கிறான். என் வண்டிக்கு எண்ணெய் மாற்றுவது அவன்தான். போகும்போதெல்லாம், “அண்ணே, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க” என்று நாற்காலியை இழுத்துப் போடுவான். உட்கார்ந்து குடித்துவிட்டுத்தான் வருகிறேன்.