மூவார் பாலத்தில் ஒரு பயணம்

விடுமுறை நாளில் பிள்ளைகளை எங்கே அழைத்துப் போகலாம் என்று யோசிக்கிறீர்களா? இம்முறை மூவாருக்குப் போய் வாருங்கள். அங்கே ஒரு பாலத்தைப் பார்த்து வரலாம். "பாலத்தில் பார்க்க என்ன இருக்கிறது?" என்று கேட்பீர்கள். இருக்கிறது, சொல்கிறேன்.

தங்கா பத்து என்றால் மலாய் மொழியில் கற்படி என்று பொருள். அந்தக் கற்படி ஊரிலிருந்து புறப்பட்டு, மலாக்கா பட்டணத்தைத் தாண்டி, ஐந்தாம் எண் கூட்டரசுச் சாலையில் தெற்கே செல்ல வேண்டும். ஏறக்குறைய 60 கிலோமீட்டர் தூரம். மெர்லிமாவ் கடந்து, கீசாங் ஆற்றையும் தாண்டினால் ஜொகூர் மாநிலம். தஞ்சோங் அகாஸ் வந்ததும் சாலை மெல்ல மேலேறும். அதுதான் சுல்தான் இஸ்மாயில் பாலம். கீழே ஓடுவது மூவார் ஆறு. நெகிரி செம்பிலானில் பிறந்து, தோட்டங்கள் பலவற்றைத் தொட்டு வந்து, இங்கே கடலில் கலக்கிறது.

இந்தப் பாலம் திறக்கப்பட்ட ஆண்டு 1967. அதற்கு முன் வண்டிகளை அக்கரை சேர்த்தது பெரிப் படகுதான். பெண் பார்க்கப் போனாலும், துக்கத்திற்குப் போனாலும், நோயாளியை ஏற்றிச் சென்றாலும் படகு வரும் வரை கரையில் காத்துக் கிடக்க வேண்டும். உங்கள் வீட்டுப் பாட்டியையோ தாத்தாவையோ கேட்டுப் பாருங்கள், கதை கதையாகச் சொல்வார்கள். இன்று அதே ஆற்றைச் சில நிமிடங்களில் கடந்துவிடுகிறோம். ஆற்றின் மேற்பகுதியில், கம்பி வடங்கள் தாங்கும் இரண்டாம் பாலமும் பிறகு வந்துவிட்டது.

வசதி வந்துவிட்டால் அதை மறந்துவிடுவது மனித இயல்பு. ஆனால், பாலம் மறக்கக்கூடிய பொருளல்ல. அதே 1967-ஆம் ஆண்டு டிசம்பர் 15-ஆம் நாள், அமெரிக்காவில் ஒஹாயோ ஆற்றின் மீதிருந்த சில்வர் பாலம் மாலை நேர நெரிசலில் அறுந்து விழுந்தது. 46 பேர் மாண்டார்கள். காரணம் என்ன தெரியுமா? பாலத்தைத் தாங்கிய இரும்புச் சட்டம் ஒன்றில் மூன்று மில்லிமீட்டர்கூட இல்லாத ஒரு விரிசல்! கண்ணுக்குத் தெரியாத அந்தக் கீறல் நாளடைவில் வளர்ந்து, 39 ஆண்டு பழமையான பாலத்தையே சாய்த்துவிட்டது.

கடலோர ஆற்றுப் பாலங்களுக்கு இன்னொரு பகையும் உண்டு. அது உப்பு. கடல் ஏறும்போது உப்புநீர் ஆற்றுக்குள் வருகிறது. அந்த உப்பு சிமெந்துக்குள் மெல்ல இறங்கி, உள்ளிருக்கும் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கிறது. துரு உப்பி, சிமெந்து வெடித்து உதிர்கிறது. அதனால்தான் இப்படிப்பட்ட பாலங்களின் அடிப்பகுதியை அவ்வப்போது சோதிக்க வேண்டியிருக்கிறது. பராமரிப்பு வேலைக்காக ஒரு பக்கப் பாதையை அடைத்தால் முணுமுணுக்காதீர்கள். அங்கே வெயிலில் நிற்பவர் நம் உயிருக்குத்தான் காவல் நிற்கிறார்.

பாலத்தில் வண்டி ஓடும்போது "தடக், தடக்" என்று சத்தம் கேட்கும். பிள்ளைகள் பயந்தால் சொல்லுங்கள்: வெயிலில் பாலம் நீளும், குளிரில் சுருங்கும், அதற்காக விட்ட இடைவெளிதான் அது. அந்த இடைவெளியில் பதித்த இரும்பு, மழையில் வழுக்கும். மோட்டார் சைக்கிளில் போகும் தம்பிமார்கள் அங்கே பிரேக் பிடிக்காமல், வளைக்காமல், நேராகக் கடக்க வேண்டும். உச்சியில் கடற்காற்று பக்கவாட்டில் தள்ளும், வேகத்தைக் குறையுங்கள். செம்பனைக் குலை ஏற்றிய லாரியைப் பாலத்தின்மேல் முந்தாதீர்கள். லாரி ஓட்டும் அண்ணன்மார்களே, அளவுக்கு மீறிய பாரம் ஒரு நாளில் பாலத்தை உடைக்காது. கொஞ்சம் கொஞ்சமாக அதன் ஆயுளைத் தின்னும்.

தோட்டத்தை விட்டு வந்த நம் பிள்ளைகள் எத்தனையோ பேர் விடியற்காலையில் மோட்டார் சைக்கிளில்தான் தொழிற்சாலைகளுக்குப் போகிறார்கள். இந்நாட்டில் சாலை விபத்தில் இறப்பவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் மோட்டார் சைக்கிளில் சென்றவர்களே. இரவுச் சோற்றை மூடி வைத்து வாசலைப் பார்த்திருக்கும் தாய்மார்களுக்கு இதன் பொருள் நன்றாகத் தெரியும்.

பாலத்தைக் கடந்ததும் தஞ்சோங் எமாஸ் ஆற்றங்கரையில் பிள்ளைகளோடு சற்று உட்காருங்கள். மாலை வெயிலில் ஆறு தங்கமாய் மின்னும். "அந்தக் காலத்தில் இந்த ஆற்றைப் படகில்தான் கடந்தார்கள்" என்று சொல்லிக் கொடுங்கள். பிறகு இருட்டுமுன் புறப்பட்டு, நிதானமாக வீடு திரும்புங்கள்.