பாட்டி கேட்ட படம்

கோடை விடுமுறைக்குப் பிள்ளைகளோடு வடக்கே போய்விட்டு வந்த என் மகள், போன வாரம் ஊஞ்சலில் என் பக்கத்தில் உட்கார்ந்து, போனில் எடுத்த படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளிக் காட்டினாள். பாதி கோயில் கோபுரம். மீதிப் பாதி முன்பின் தெரியாத முகங்கள். வளையல் விற்கிற கிழவி, ரயிலில் எதிர் சீட்டில் தூங்குகிற குழந்தை, தண்ணீர்க் குடத்தோடு நிற்கிற ஒரு பெண்.

"யாருடி இவங்க எல்லாம்?" என்றேன்.

"தெரியாதும்மா. முகம் நல்லா இருந்துச்சு, எடுத்தேன்."

"கேட்டுட்டுத்தானே எடுத்தே?"

"கேட்டா விறைப்பா நிப்பாங்கம்மா. தெரியாம எடுத்தாத்தான் இயல்பா வரும்."

நான் மேலே ஒன்றும் சொல்லவில்லை. அவளைச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை? நாற்பது வருஷத்துக்கு முன்னால் நானும் இதையேதான் சொன்னேன். அந்த நினைப்பு இன்றைக்கும் முள்ளாகக் குத்துகிறது. அதைத்தான் உங்களிடம் சொல்ல வந்தேன்.

1985-ல் என் கணவர் ஒரு 'ஆக்ஃபா க்ளிக் த்ரீ' காமிரா வாங்கி வந்தார். அந்தக் காலத்தில் நம்மைப் போன்ற நடுத்தரக் குடும்பங்களில் பரவலாக இருந்த காமிரா அது. ஒரு ரோலுக்குப் பன்னிரண்டே படம். பத்தடி தள்ளி நின்றால்தான் முகம் தெளிவாக விழும். ஒவ்வொரு தடவை அமுக்கும்போதும், 'ஐயோ, ஒண்ணு தீர்ந்துதே' என்று மனசு கணக்குப் போடும்.

அந்த வைகாசியில் மதுரையிலிருந்து இராமேஸ்வரம் போனோம். பாம்பனில் சாலைப் பாலம் 1988-ல்தான் வந்தது. அப்போது ரயிலை விட்டால் வேறு வழி கிடையாது. என் மாமியாரும் கூட வந்திருந்தார். இதே மகளுக்கு அப்போது இரண்டு வயசு.

எதிர் பெஞ்சில் ஒரு இளம் தாய், மடியில் கைக்குழந்தை. கன்னத்தில் பெரிய திருஷ்டிப் பொட்டோடு அது கொள்ளை அழகாக இருந்தது. நான் சட்டென்று காமிராவைத் தூக்கினேன். அந்தப் பெண் விசுக்கென்று முந்தானையால் குழந்தையை மூடிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டாள்.

"என்ன ஜனங்களோ! போட்டோ எடுத்தா ஆயுசு குறையும்னு இன்னும் நம்பறாங்க" என்று முணுமுணுத்தேன்.

என் மாமியார் காதில் அது விழுந்துவிட்டது. "ஆயுசை விடு. உன் பிள்ளையை யாரோ ஒருத்தன் கேக்காம கொள்ளாம படம் புடிச்சு எடுத்துட்டுப் போனா, நீ சும்மா இருப்பியா?" என்றார். பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மறுநாள் தனுஷ்கோடி. 1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயலில், பாம்பனிலிருந்து வந்த பாசஞ்சர் ரயிலோடு ஊரையே கடல் கொண்டு போனது எல்லோருக்கும் தெரிந்த கதை. குடியிருக்கத் தகுதியில்லாத இடம் என்று அரசாங்கம் அறிவித்த பிறகும், சில மீனவக் குடும்பங்கள் அங்கேயே குடிசை போட்டுக்கொண்டு இருந்தார்கள். இப்போது அரிச்சல்முனை வரைக்கும் தார்ச்சாலையில் காரிலேயே போகிறோமே, அப்போது அது கிடையாது. ஒரு பழைய வேனில் மணலில் குலுங்கிக்கொண்டு போனோம்.

இடிந்த சர்ச்சுக்குப் பக்கத்தில் ஒரு பாட்டி கருவாடு உலர்த்திக்கொண்டிருந்தார். உப்புக் காற்றில் காய்ந்த அந்த முகத்தில்தான் எத்தனை கோடுகள்! ரயிலில் பட்டது நினைவு வந்தது. இந்தத் தடவை கிட்டே போய், "பாட்டி, ஒரு படம் எடுத்துக்கட்டுமா?" என்று கேட்டேன்.

பாட்டி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "எடுத்தா எனக்கு ஒண்ணு குடுப்பியா தாயி?"

"கட்டாயம் அனுப்பறேன் பாட்டி."

"எங்க வீட்டுல ஒரு போட்டோ இருந்துச்சு. அவுகளும் நானும் கல்யாணத்துக்குப் பொறவு ஸ்டூடியோல நின்னு எடுத்தது. புயல்ல அவுகளும் போனாக, போட்டோவும் போச்சு. அதுக்குப் பொறவு எடுக்கல. நாளைக்கு நான் போயிட்டா பேரப் பிள்ளைகளுக்கு என் மொகம் தெரிய வேணாமா?"

குடிசைக்குள் போய், முகம் கழுவி, தலை வாரி, வேறு சேலை கட்டிக்கொண்டு வந்தார். கைகளை உடம்போடு ஒட்டி வைத்து, சிரிக்காமல் நிமிர்ந்து நின்றார். எனக்கோ கருவாட்டுக் கூடையோடு அவர் சிரிக்கிற படம்தான் வேண்டும். அதனால் இரண்டு எடுத்தேன். கூடையோடு எனக்கு ஒன்று. அவர் நின்ற மாதிரியே அவருக்கு ஒன்று. அங்கே தபால் வராது என்று, இராமேஸ்வரத்தில் அவர் கருவாடு கொடுக்கிற ஒரு டீக்கடையின் விலாசத்தைச் சொன்னார். என் கணவர் டைரியில் குறித்துக்கொண்டார்.

ஊர் திரும்பியதும் பார்த்தால் ரோலில் இன்னும் நாலு படம் பாக்கி. "வீணாக்காதே, தையில் குழந்தைக்குப் பிறந்த நாள் வருதே, அதுக்கு எடுத்துக்கலாம்" என்றார் இவர். தை வந்தது, ரோல் முடிந்தது, ஸ்டூடியோவில் கழுவி வாங்கினோம். இரண்டு படமும் கண்ணாடி மாதிரி அருமையாக விழுந்திருந்தன. 'நாளைக்குத் தபாலில் போடணும்' என்று கவரில் வைத்தேன். அந்த நேரம் பார்த்து இவருக்கு மாற்றல். வீடு மாற்றியது, குழந்தைக்கு அம்மை போட்டது, என்று ஆயிரம் வேலை. கவர் டிரங்குப் பெட்டிக்கு அடியில் போய்விட்டது.

அடுத்த வைகாசியில் பெட்டியை ஒழித்தபோதுதான் அது கண்ணில் பட்டது. நெஞ்சு திக்கென்றது. அன்றைக்கே தபாலில் சேர்த்தேன்.

மூன்று வாரம் கழித்து டீக்கடைக்காரரிடமிருந்து ஒரு இன்லண்டு லெட்டர் வந்தது. 'படம் கிடைத்தது. பாட்டி சித்திரையில் காலமாகிவிட்டார்கள். கருவாடு கொண்டு வரும்போதெல்லாம், மதுரைத் தாயி போட்டோ வந்துச்சா என்று கேட்பார்கள். நிமிர்ந்து நிற்கிற படத்துக்குச் சட்டம் போட்டு மாலை போட்டிருக்கிறோம். மிக்க நன்றி.'

ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. நன்றி என்றுதான் எழுதியிருந்தார். அந்த நன்றியைப் படிக்கத்தான் என்னால் முடியவில்லை. ஒரே ஒரு மாதம்! ஒரு தபால் தலையும் ஐந்து நிமிஷமும் செலவழித்திருந்தால் அந்தப் பாட்டி தன் முகத்தைத் தானே பார்த்திருப்பார்.

இது என் ஒருத்தியின் அசட்டை மட்டுமில்லை என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். பச்சைக் கண்களோடு ஒரு ஆப்கன் சிறுமியின் படம் உங்களுக்கு நினைவிருக்கலாம். ஸ்டீவ் மெக்கரி 1984-ல் பாகிஸ்தானில் ஒரு அகதி முகாமில் எடுத்தது. 1985 ஜூன் மாத 'நேஷனல் ஜியாகிரஃபிக்' அட்டையில் வந்து உலகமே பார்த்தது. ஷர்பத் குலா என்ற அந்தப் பெண் மட்டும் பார்க்கவில்லை. 2002-ல் அவரைத் தேடிக் கண்டுபிடித்தபோதுதான் தன் படத்தை முதன்முதலாகப் பார்த்தார். அதற்குள் அவர் மூன்று பெண்களுக்குத் தாய்!

அன்றிலிருந்து சில வழக்கங்களை வைத்துக்கொண்டிருக்கிறேன். முதலில் நாலு வார்த்தை பேசுவேன், பிறகுதான் காமிரா. பாஷை தெரியாத ஊரானால் காமிராவைக் காட்டிக் கண்ணாலேயே கேட்பேன். தலை அசைந்தால் உண்டு. இல்லையென்றால் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுவேன். குழந்தையானால் தாயின் சம்மதம் வேண்டும். குளிக்கிற துறையிலும், துக்கத்தில் இருப்பவர்களிடமும் எடுப்பதே இல்லை. அவர்கள் எப்படி நிற்க ஆசைப்படுகிறார்களோ அப்படி ஒன்று கட்டாயம் எடுப்பேன். அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டால் ஊர் திரும்பிய வாரத்திலேயே அனுப்பிவிடுவேன்.

இன்றைக்கு இதெல்லாம் எவ்வளவு சுலபம்! எடுத்த உடனே போனிலேயே காட்டலாம். நம்பர் வாங்கி அங்கேயே அனுப்பலாம். போன் இல்லாதவர்களுக்கு ஸ்டூடியோவில் பிரிண்ட் போட்டுத் தபாலில் அனுப்பலாம். ஊரார் பார்க்கப் போடுவதானால் அதையும் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம்.

இவ்வளவையும் மகளிடம் சொல்லி முடித்தேன். கொஞ்ச நேரம் பேசாமல் போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தூங்குகிற குழந்தையின் படம் வந்ததும் நிறுத்தினாள்.

"இதோட அம்மா பக்கத்துலதான் உக்காந்திருந்தாங்க. கேட்டிருக்கலாம்" என்று சொல்லி, அதை அழித்தாள். பிறகு, "வளையல் கடைப் பாட்டிகிட்ட பில் வாங்கினேனே, அதுல விலாசம் இருக்கும்மா" என்று கைப்பையைத் தேட எழுந்து போனாள்.

நாலு பெரிய பிரிண்டாகப் போட்டு நேற்று தபாலில் அனுப்பிவிட்டோம்.