கற்சிலைமடுக் கல்லில் இல்லாத சொல்

எங்கட கூட்டாளி ஒருத்தனுக்குப் பட்டப்பெயர் காக்கை. கத்திக் கதைப்பான் என்றதால வந்த பெயர் இல்லை. ஒன்பதாம் ஆண்டில பள்ளிக்கூட விழாவுக்குப் பண்டாரவன்னியன் கதையை நாடகமாகப் போட்டம். அதில அவன்தான் காக்கை வன்னியன், வெள்ளைக்காரனிட்டப் போய்ப் பண்டாரவன்னியனைக் காட்டிக்கொடுக்கிற ஆள். நாடகம் அன்றைக்கே முடிஞ்சுது. பெயர் ஏ.எல். தாண்டி, கலைப்பீடம் வரைக்கும் கூடவே வந்திட்டுது.

போன விடுமுறையில் அவனும் சேர்ந்து நாலு பேர் 'கேம் ஒஃப் த்ரோன்ஸ்' முழுவதையும் இரவிரவாகப் பார்த்து முடித்தோம். பெரிய அரச குடும்பங்களைவிட எங்களுக்குப் பிடித்தவர்கள் அதில வாற குட்டிப் பிரபுக்கள்தான். ஒரு சின்னக் கோட்டை, கொஞ்ச ஆட்கள், இரண்டு பக்கமும் பெரிய அரசர்கள். யாருக்குத் திறை கட்டுவது, யாருக்கு ஆள் அனுப்புவது என்று யோசித்தே ஆயுள் முடிந்துபோகும். காக்கைதான் சொன்னான்: "மச்சான், இது எங்கட வன்னிமைக் கதையடா."

யோசித்துப் பார்த்தால் சரிதான். பனங்காமம், முள்ளியவளை, கரிக்கட்டுமூலை, கருநாவல்பத்து, மேல்பத்து, தென்னமரவடி என்று வன்னி பிரிந்து கிடந்தது. அங்கங்கே வன்னியர் தலைவர்கள் இருந்தார்கள். வடக்கே யாழ்ப்பாண அரசு, தெற்கே கண்டி அரசு. வன்னியர் கட்டிய திறையில் முக்கியமானது யானை. 1619 இல் யாழ்ப்பாண அரசு போர்த்துக்கேயரிடம் விழுந்த பிறகு யானை அவர்களுக்குப் போனது, பிறகு ஒல்லாந்தருக்கு. கேட்கிற ஆட்கள் மாறினார்கள், கேட்டது மாறவில்லை. ஒழுங்காகக் கட்டினதாகவும் இல்லை. வன்னிக்கு அடங்காப்பற்று என்ற பெயர் சும்மாவா வந்தது? கடைசியில் 1782 இல் ஒல்லாந்தர் படையோடு வந்து வன்னியைத் தங்கள் கைக்குள் எடுத்தார்கள். அப்போது கடுமையாக எதிர்த்த வன்னிச்சி மரியா செம்பாத்தையைப் பிடித்துக் கொழும்புக் கோட்டையில் அடைத்தார்கள்.

ஆக, பண்டாரவன்னியன் தலையெடுத்தபோது ஆளுவதற்கு முழு வன்னி அவரிடம் இருக்கவில்லை. ஒல்லாந்தர் போய் ஆங்கிலேயர் வந்திருந்தார்கள். 1803 யூனில் கண்டியில் ஆங்கிலப் படை அழிந்தது. குறுநிலத் தலைவனுக்கு நேரம் பார்க்கத் தெரிய வேண்டும். அவருக்குத் தெரிந்திருந்தது. ஓகஸ்ட் 25 ஆம் திகதி முல்லைத்தீவுக் கோட்டையைத் தாக்கி, அங்கிருந்த படையைத் துரத்தினார். அவரின் ஆட்கள் ஆனையிறவு வரை போனார்கள். இரண்டு மாதம்தான். ஒக்டோபர் 31 அன்று கற்சிலைமடுவில் கப்டன் வொன் ட்ரிபேர்க்கின் படை அவரைத் திடீரென்று தாக்கியது.

இதற்குப் பிறகுதான் எங்களுக்குப் பிரச்சினை. நாடகத்தில் அவர் அங்கேயே சாக வேண்டும். நாங்கள் போட்டபோதும் செத்தார், சனம் அழுதது. முள்ளியவளைக்காரரான முல்லைமணி இந்தக் கதையை நாடகமாக எழுதினார். தமிழ்நாட்டில் கலைஞர் கருணாநிதி 'பாயும் புலி பண்டாரக வன்னியன்' என்று நாவலே எழுதினார். வீரன், காதல், துரோகி, கடைசிப் போர் என்று கதை எங்கட மனதில் இறுகிப்போச்சு.

தொடரைப் பார்த்து முடித்த கையோடு, ஒட்டுசுட்டான் பக்கம் கற்சிலைமடுவுக்குப் போனோம். அங்கே ஆங்கிலத்தில் ஒரு நினைவுக்கல். வென்ற பக்கத்தின் கல். இந்தப் பக்கத்தில் கப்டன் வொன் ட்ரிபேர்க் பண்டாரவன்னியனைத் தோற்கடித்தார் என்றும் திகதியும். அவ்வளவுதான். காக்கை இரண்டு தரம் வாசித்தான். "டேய், டிஃபீட்டட் என்றுதான் கிடக்கு. கில்ட் என்று இல்லை." கொஞ்சம் பொறுத்துச் சொன்னான்: "என்ர பெயரும் இல்லை."

சிரித்தோம். பிறகு ஒருத்தரும் கதைக்கவில்லை.

பண்டாரவன்னியன் அன்றைக்குச் சாகவில்லை, அதற்குப் பிறகும் சில வருசம் வன்னியில் இருந்தார் என்று சொல்கிறவர்களும் உண்டு. அந்தச் சில வருசத்தை நாங்கள் ஒருநாளும் நாடகமாகப் போட்டதில்லை. தோற்ற தலைவன் விடிய எழும்பி என்ன செய்தார்? யார் வீட்டில் சோறு சாப்பிட்டார்? தன்னோடு வந்து திரும்பாதவர்களின் தாய்மாருக்கு என்ன சொன்னார்? வாளை விட, அதுதான் எங்களுக்குத் தெரிய வேண்டிய கதை.

ஏனென்றால் 2009 மே மாதம் முள்ளிவாய்க்காலால் வெளியில் வந்தபோது எங்களுக்கு ஐந்து, ஆறு வயது. செட்டிகுளம் முகாமில் தறப்பாளுக்குக் கீழே வளர்ந்து, ஊர் திரும்பின பிள்ளைகள் நாங்கள். எங்கட அப்பா, அம்மாவிடம் சொந்தக்காரரே கேட்ட கேள்வி ஒன்று இருக்கிறது: "நீங்கள் எப்படித் தப்பினீங்கள்?" கேட்கிறவைக்கு அது சும்மா விசாரிப்பு. ஆனால் அம்மாக்கள் அதற்குப் பதில் சொல்லாமல் அடுப்படிக்குள் போவதைப் பார்த்திருக்கிறோம். செத்தவர் வீரர், தோற்றதற்கு ஒரு துரோகி காரணம் என்று கதையைக் கட்டிவிட்டால், உயிரோடு மிஞ்சினவை எங்கே நிற்கிறது? மிஞ்சினவைதான் கிணறு இறைச்சு, வயலைத் திருத்தி, எங்களைக் கம்பஸ் வரைக்கும் அனுப்பினவை.

காக்கை வன்னியன் என்று ஒருத்தர் உண்மையில் என்ன செய்தார் என்று தீர்ப்புச் சொல்ல நாங்கள் வரவில்லை. தோல்வியைத் தாங்க ஒரு துரோகி எவ்வளவு வசதியாக இருக்கிறார் என்பதுதான் அந்தக் கல்லடியில் விளங்கினது.

வரும்போது பஸ்ஸில் ஒருத்தன் அவனைச் சொந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டான். அவன் திரும்பிப் பார்க்கவில்லை. பழகவில்லை. இன்னும் கொஞ்ச நாள் எடுக்கும்.