பாஸ்போர்ட் கேட்காத எல்லை

முக்திநாத் யாத்திரைக்குப் பேர் குடுத்த கையோட பெரியம்மா கேட்டாங்க: “ஏங்கண்ணு, நேபாளத்துக்குப் பாஸ்போர்ட் எடுக்கோணுமா?”

வேண்டியதில்லைங்க. 1950 நட்பு ஒப்பந்தத்துக்கு அப்புறம் இந்தியர், நேபாளி ரெண்டு பேருக்குமே பாஸ்போர்ட்டும் வேண்டாம், விசாவும் வேண்டாம். 1,700 கிலோமீட்டருக்கு மேல நீளும் எல்லையில வேலியும் கிடையாது. எல்லை ஊரான சுனௌலியில நுழைவு வளைவுக்கு அடியில சனம் சைக்கிள், ரிக்‌ஷா, காய்கறி மூட்டையோட போயிட்டும் வந்துட்டும் இருக்கும். நம்ம பக்கம் காவல் எஸ்.எஸ்.பி.ங்கற எல்லைப் படை; சந்தேகம் வந்தா பையைத் திறக்கச் சொல்வாங்க.

“இப்படித் திறந்து போட்டா தீவிரவாதி வரமாட்டானா?”ன்னு கேட்கறவங்க உண்டு. நியாயமான பயம்தான். ஆனா 1999 டிசம்பர்ல தீவிரவாதிங்க கடத்தின ஐசி-814 இந்திய விமானம் கிளம்பினது காத்மாண்டு விமான நிலையத்துல, அத்தனை சோதனையும் இருக்கற இடத்துல! வேலி போட்டா சரியாப்போயிரும்னு எனக்குத் தோணலை.

தரைவழிக்குத்தான் இந்தச் சலுகை; விமானத்துல போனா பாஸ்போர்ட்டோ வாக்காளர் அட்டையோ ஏதாவது ஒண்ணு கட்டாயம். 65 தாண்டினவங்களுக்கு ஆதாரே போதும், அதனால பெரியம்மா தப்பிச்சாங்க. கூடப் போற அண்ணனுக்கு வயசு 52. வாக்காளர் அட்டையை எங்க வெச்சாருன்னு ரெண்டு நாளா பீரோவைக் கவுத்துப் போட்டுத் தேடிட்டிருக்காரு.