துண்டு லிண்டல்

பாப்பிரெட்டிப்பட்டி, 2025 ஜூலை 22, செவ்வாய்

ஏழு ஆண்டுகளுக்கு முன் இதே தேதியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை 7.47 மணிக்கு, சேலம், தருமபுரி மாவட்டங்களில் தரை அதிர்ந்தது. ரிக்டர் கணக்கில் 3.3. சில விநாடிகளில் அடங்கிவிட்டது, உயிர்ச்சேதம் இல்லை. இந்தப் பக்கத்தில் பூமிக்குள்ளிருந்து திடுமென்று சத்தம் வந்தால் முதல் சந்தேகம் கல்குவாரி வெடியின் மேல்தான் விழும். கெட்டிப் பாறைக்குள் ஆழமில்லாமல் நிகழும் சிறு அதிர்வும் வெடிபோலவே உறுமும் என்பதால் அந்தச் சந்தேகத்தைக் குறை சொல்ல முடியாது. அதே வாரம் மேட்டூர் அணை 120 அடியைத் தொட்டது. அணையில் நீர் ஏறுவதற்கும் பூமி அசைவதற்கும் தொடர்பு உண்டென்று 1967இல் மகாராஷ்டிரத்தின் கொய்னா காட்டியது உண்மைதான். அதற்காக மேட்டூரையும் 3.3ஐயும் முடிச்சுப் போட ஆதாரம் எதுவும் இல்லை. பிறகு 2021 நவம்பர் 29 விடியற்காலை வேலூருக்கு மேற்கே 3.6, அடுத்த மாதமே அந்தப் பக்கம் மறுபடியும் அதிர்வு, 2023 டிசம்பர் 8 காலை செங்கல்பட்டில் 3.2. வேலூர் அதிர்வின் மையம் இங்கிருந்து 100 கிலோமீட்டருக்குள்தான்.

இவற்றிலிருந்து நாம் எடுத்துக்கொண்ட முடிவு இரண்டு. 'நம்முடையது பாறை நிலம், பெரிசாக வராது' என்பது ஒன்று. 'சின்னச் சின்னதாக வந்து போனால் உள்ளே இருக்கும் அழுத்தம் குறைந்துவிடும், நல்லதுதான்' என்பது இன்னொன்று. இரண்டாவதை ஒரு கணக்குப் போட்டாலே தள்ளிவிடலாம். அளவுகோலில் ஒரு படி ஏறினால் வெளிப்படும் ஆற்றல் ஏறக்குறைய 32 மடங்கு. அப்படியானால் 6.2 அளவுள்ள ஒரே ஒரு பூகம்பத்தின் ஆற்றலைத் தீர்க்க, 2018இல் வந்ததைப் போன்றவை இருபதாயிரத்துக்கு மேல் வர வேண்டும். எப்போதோ ஒன்றிரண்டு வருவதை வைத்துக் கடன் அடைந்ததாக எழுதிவிட முடியாது. 6.2 என்ற எண்ணை நான் எடுத்ததற்குக் காரணம் கில்லாரி.

ஜூலை 23, புதன்

கில்லாரி மகாராஷ்டிரத்தின் லாத்தூர் மாவட்டத்தில் உள்ள ஊர். 1993 செப்டம்பர் 30 அதிகாலை 3.56 மணி. முந்தைய நாள் பிள்ளையார் கரைப்பு முடிந்து ஊர் அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்த நேரம். 6.2 என்பது உலகக் கணக்கில் நடுத்தரப் பூகம்பம், ஆண்டுதோறும் எங்காவது பல வரும். அங்கே செத்தவர்கள் எட்டாயிரத்துக்கும் பத்தாயிரத்துக்கும் இடையே. அன்று நடப்பில் இருந்த நில அதிர்வு வரைபடத்தில் அந்த ஊர் மண்டலம் 1இல் இருந்தது. நாட்டிலேயே ஆபத்து மிகக் குறைந்தது என்று குறிக்கப்பட்ட மண்டலம் அது. தக்காணத்தின் கருங்கல் படுகை, பழைய பூமி, அசையாத பூமி என்பதே படித்தவர்களின் நம்பிக்கையும்கூட. ஓராண்டுக்கு முன் 1992இல் அங்கே சிறு அதிர்வுகள் தொடர்ந்து வந்து, ஊர் பயந்து, பிறகு அடங்கியிருந்தது. சிறு அதிர்வு வந்தால் பெரிது வரும் என்று இதற்குப் பொருளில்லை. பெரும்பாலான சிறு அதிர்வுகள் எதற்கும் முன்னோட்டமாக இருப்பதில்லை. ஆனால் அவை வந்து ஓய்ந்ததும் 'முடிந்தது' என்று எடுத்துக்கொள்ளவும் இடமில்லை.

கில்லாரியில் வீடுகள் எப்படிக் கட்டப்பட்டிருந்தன என்பதில்தான் விஷயம் இருக்கிறது. சுவர் இரண்டு, மூன்று அடி கனம். வெளிப்பக்கம் ஒரு கல் வரிசை, உள்பக்கம் ஒரு கல் வரிசை, நடுவே சில்லுக் கல்லும் மண்ணும். இரண்டு முகத்தையும் கோத்துப் பிடிக்கும் நீளக்கல் அநேகமாக இல்லை. சாந்து வெறும் களிமண். மேலே மரச்சட்டமும் பலகையும் பரப்பி, அதன்மேல் ஒன்றிரண்டு அடி கனத்துக்கு மண். வெயிலுக்குக் குளுகுளுவென்று இருக்கும், நூறு ஆண்டு நிற்கும். பாரத்தைக் கீழ்நோக்கித் தாங்குவதற்கு இதைவிடக் கெட்டியான சுவர் வேண்டியதில்லை. பூகம்பம் பக்கவாட்டில் இழுக்கிறது. முதல் இழுப்பில் நான்கு மூலைகளும் பிளந்துகொள்கின்றன. மூலை விட்டதும் நான்கு சுவரும் தனித்தனிச் சுவர்கள். நீளவாக்கில் அசையும் சுவர் சமாளிக்கும், குறுக்குவாக்கில் அசையும் சுவர் வயிறு தள்ளும். இரண்டு முகமும் பிரிந்து, கல் உள்ளே சரிகிறது. அதற்குப் பின் கூரை மண் முழுதும் இறங்குகிறது. அந்த ஊர்களிலேயே ஓலை வேய்ந்த குடிசையிலும் தகரக் கொட்டகையிலும் படுத்திருந்தவர்கள் பெரும்பாலும் பிழைத்தார்கள். வசதி கூடக்கூடச் சுவரும் கூரையும் கனத்தன, சாவும் கனத்தது. நில நடுக்கம் வந்தால் மேசைக்கடியில் ஒதுங்கு, தலையைக் காத்துக்கொள் என்று சொல்லித்தருகிறோமே, அந்த அறிவுரை கூரை விழாத வீட்டுக்கு எழுதப்பட்டது. அப்படிப்பட்ட வீடு இல்லாதவனுக்கு, அதுவும் தூக்கத்தில் இருப்பவனுக்கு, அந்த அறிவுரையால் பெரிய பயனில்லை.

பின்விளைவைப் பற்றியும் எழுத வேண்டும். உலக வங்கிக் கடனோடு நடந்த மறுவாழ்வுத் திட்டத்தில் 52 கிராமங்கள் முழுசாக வேறு இடத்துக்கு மாற்றப்பட்டன. மற்ற ஊர்களில் இருந்த இடத்திலேயே பழுதுபார்ப்பும் வலுவூட்டலும் நடந்தன. மாற்றிக் கட்டிய ஊர்களில் நேர் நேரான தெருக்கள் வந்தன, பக்கத்து வீட்டு உறவும் தொழுவமும் களமும் போயின. கல் என்றாலே மக்கள் மிரண்டார்கள். கல்லைப் பழிப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை. கல்லைக் கோக்காமல் விட்டதுதான் கொன்றது. அதே 1993இல் இந்தியத் தர நிர்ணய அமைவனம் மண் வீட்டுக்கும் கல் வீட்டுக்கும்கூடத் தனித்தனி விதிமுறைகளை வெளியிட்டது. கல்லும் மண்ணும் வைத்துக்கொண்டே உயிர் காக்கும் வீடு கட்டலாம் என்பதே அவற்றின் சாரம்.

ஜூலை 26, சனி

பாறை நிலம் என்ற வாதத்தில் பாதி சரி. வண்டல் மண்ணில் அதிர்வு பெருகும், பாறையில் அவ்வளவு பெருகாது. கடந்த மார்ச் 28ஆம் தேதி மியான்மரில் 7.7 அளவில் பூகம்பம் வந்தபோது ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி பாங்காக்கில் கட்டிக்கொண்டிருந்த அடுக்குமாடி ஒன்று அப்படியே அமர்ந்ததே, அந்த நகரத்தின் அடியில் உள்ள களிமண்ணுக்கு அதில் பங்குண்டு. சேர்வராயன் மலையடிவாரத்தில் அந்தத் தொல்லை குறைவு. மறுபாதியை நாம் சொல்வதில்லை. பழைய, குளிர்ந்த, கெட்டிப் பாறை அதிர்வை விழுங்காது, வெகுதூரம் கடத்தும். 1900 பிப்ரவரி 8இல் கோயம்புத்தூரை உலுக்கிய பூகம்பம் ஏறக்குறைய 6 அளவுள்ளது, தென்னிந்தியாவின் பெரும்பகுதியில் உணரப்பட்டது. அதுவும் பாறை நிலம்தான், இங்கிருந்து சுமார் 200 கிலோமீட்டர். கில்லாரிக்குப் பிறகு வரைபடத்தைத் திருத்தியவர்கள் 2002இல் மண்டலம் 1 என்பதையே எடுத்துவிட்டார்கள். ஆபத்தே இல்லாத இடம் என்று ஒன்றைக் குறிக்க அவர்களுக்குத் துணிவில்லாமல் போனது. அந்த வரைபடத்தில் தருமபுரி மண்டலம் 3. பூகம்பம் உயிர் குடித்தபோது கில்லாரி இருந்த மண்டலத்தைவிட இது மேலே.

நூறாண்டில் ஒருமுறை வருமோ வராதோ என்பதற்கு இன்றைக்கு ஏன் செலவு, இங்கே வாணியாற்றில் தண்ணீர் இல்லை, மரவள்ளிக்கு விலை இல்லை, அதைப் பார் என்று ஒருவர் கேட்டால் அது சோம்பேறிக் கேள்வி அல்ல. ஏழை மாவட்டத்தில் ஒவ்வொரு ரூபாய்க்கும் வரிசை உண்டு. அவருக்கு இரண்டு பதில். தருமபுரிக்காரர்கள் கண்ணுக்குத் தெரியாத ஆபத்துக்கு ஏற்கெனவே செலவு செய்தவர்கள். நிலத்தடி நீரில் ஃபுளோரைடு இருப்பதை நாக்கு சொல்லாது, பல்லும் எலும்பும் பல ஆண்டு கழித்துத்தான் சொல்லும். அதற்காக ஜப்பான் கடனோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் போட்டு, 2013இல் தண்ணீர் கொண்டுவந்தோம். இது முதல் பதில். இரண்டாவது, நான் கேட்பது புதிய திட்டமும் புதிய நிதியும் அல்ல. எப்படியும் கட்டப்போகிற வீட்டில், எப்படியும் போடப்போகிற கான்கிரீட்டைக் கொஞ்சம் நீட்டச் சொல்கிறேன்.

ஊரில் இப்போது எழும் சின்ன வீடுகளைக் கவனித்தால் கதவுக்கு மேலே ஒரு லிண்டல், ஜன்னலுக்கு மேலே ஒரு லிண்டல், நடுவே வெறும் செங்கல் அல்லது ஹாலோ பிளாக். துண்டு துண்டாக. ஐஎஸ் 4326 என்ற விதிமுறை கேட்பது, அந்த லிண்டலை வீட்டைச் சுற்றி, உள்சுவர் உட்பட, முறியாமல் ஒரே பட்டையாக ஓட்டுவது. மேஸ்திரிகள் பெல்ட் என்பது இதைத்தான். மூன்று அங்குல கனம், இரண்டு கம்பி, அரை அடிக்கு ஒரு குறுக்குக் கம்பி. கரும்பைத் தோகையால் இறுக்கிக் கட்டினால் கட்டாக நிற்பதுபோல் நான்கு சுவரும் ஒன்றையொன்று விடாமல் நிற்கும். மூலையில்தான் ஏமாற்று நடக்கும். ஒரு சுவரின் கம்பி மூலையோடு நின்று, அடுத்த சுவரின் கம்பி அங்கிருந்து புதிதாகத் தொடங்கினால் பட்டை போட்டும் பலனில்லை. கம்பி மூலையில் வளைந்து அடுத்த சுவருக்குள் ஒன்றரை அடியாவது போய், அங்குள்ள கம்பியோடு கட்டப்பட வேண்டும். கான்கிரீட் போட்டபின் இதை யாரும் பார்க்க முடியாது. போடுவதற்கு முந்தின சாயங்காலம் பார்த்தால் உண்டு.

ஜூலை 30, புதன்

இன்று அதிகாலை, நம் நேரம் ஐந்து மணி சுமாருக்கு, ரஷ்யாவின் கம்சட்கா கடலோரத்தில் 8.8. உலகம் கருவி வைத்து அளக்கத் தொடங்கியதிலிருந்து வந்த மிகப் பெரியவற்றில் ஒன்று. பசிபிக் முழுக்க சுனாமி எச்சரிக்கை. பெத்ரோபாவ்லோவ்ஸ்க் நகரின் மருத்துவமனை ஒன்றில் அறுவை அரங்கு ஊஞ்சலாக ஆட, மருத்துவர்கள் நோயாளியைப் பிடித்துக்கொண்டே நிற்கும் காட்சி வெளியாகியிருக்கிறது. கட்டடங்கள் விழுந்து ஊர் அழிந்ததாகச் செய்தி இல்லை. மையம் கடலுக்குள், நகரத்திலிருந்து நூறு கிலோமீட்டருக்கு மேல் தள்ளி. மக்கள் அடர்த்தியும் குறைவு. இந்த இரண்டையும் கழித்துவிட்டுத்தான் பேச வேண்டும். கழித்தும் மிச்சம் இருக்கிறது. அங்கே 1952இல் இதைவிடப் பெரியது வந்திருக்கிறது. வரும் என்று எண்ணியே அதற்குப் பிறகு கட்டிவந்தார்கள்.

இன்னும் நேரான ஒப்பீடு வேண்டுமானால் 2010. ஜனவரி 12இல் ஹெய்த்தியில் 7.0, செத்தவர்கள் லட்சத்துக்கு மேல். பிப்ரவரி 27இல் சிலியில் 8.8, சுனாமியோடு சேர்த்தே சில நூறு பேர். ஹெய்த்தியில் பூகம்பம் தலைநகரின் காலடியிலேயே வந்தது என்பது உண்மை. சிலியில் ஆற்றல் ஐந்நூறு மடங்கு என்பதும் உண்மை. 'பணக்கார நாடு பிழைக்கும், ஏழை நாடு சாகும், பெல்ட் போட்டா மாறிவிடும்?' என்று கேட்கலாம். பணம் மட்டுமே காரணமானால் 2001இல் அகமதாபாத்தில் புது அடுக்குமாடிகள் விழுந்திருக்கக் கூடாது. அந்த ஆண்டு வந்த புஜ் பூகம்பத்தின் மையத்திலிருந்து 200 கிலோமீட்டருக்கு மேல் இருந்த நகரம் அது. கீழ்த்தளத்தைச் சுவரில்லாமல் வண்டி நிறுத்தத் திறந்துவிட்டு, மேலே நான்கைந்து மாடி ஏற்றிய கட்டடங்கள் அங்கே காலொடிந்து விழுந்தன. கீழே ஷட்டர் போட்ட கடை, மேலே வீடு என்று நம் கடைத்தெருக்களில் எழுவதற்கும் அதே நோய் உண்டு. சென்னை மௌலிவாக்கத்தில் 2014 ஜூன் 28 அன்று 11 மாடி சரிந்து 61 பேர் செத்ததற்குப் பூகம்பமே தேவைப்படவில்லை.

ஆகஸ்ட் 3, ஞாயிறு, ஆடி 18

செலவைப் பேசாமல் இதை முடிக்கக் கூடாது. கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் வீடு 360 சதுர அடி, அரசு தருவது 3.50 லட்சம். 18க்கு 20 அடி என்று வைத்து, ஒரு குறுக்குச் சுவரையும் சேர்த்தால் பட்டையின் நீளம் சுமார் 94 அடி. எட்டு எம்எம் கம்பியும் குறுக்குக் கம்பியுமாக ஏறக்குறைய 35 கிலோ, சிமென்ட் நான்கு மூட்டை, அதற்கு எம்சாண்டும் ஜல்லியும், பலகை அடைத்த கூலி. கதவு ஜன்னலுக்கு எப்படியும் போடும் துண்டு லிண்டலின் செலவு இதில் கழியும். தாராளமாகப் போட்டாலும் வீட்டுச் செலவில் நூற்றுக்கு மூன்றைத் தாண்டாது என்பது என் கணக்கு. முகப்பில் ஒட்டும் டைல்ஸுக்கு இதைவிடக் கூடப் போகிறது. பூகம்பம் வராமலே போனாலும் இந்தப் பட்டை வீண் இல்லை. ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஓடும் விரிசல், கடக்கால் ஒரு பக்கம் இறங்கி வரும் விரிசல், இரண்டையும் அது கட்டுப்படுத்தும்.

பொறியாளர் பார்த்துக்கொள்வார், அரசு பார்த்துக்கொள்ளும் என்பது இனி செல்லாது. 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரை கட்டும் வீடுகளுக்குச் சுயசான்றிதழே போதும் என்று 2024 ஜூலை 22 முதல் தமிழக அரசு வழி திறந்திருக்கிறது. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. அலைச்சலும் மொய்ப்பணமும் மிச்சம், பழைய முறையிலும் மூலைக்கம்பியைக் குனிந்து பார்த்தவர் யாராவது இருந்திருப்பார் என்று நம்பக் கடினம். அதனால் பொறுப்பு கட்டுகிறவர் தலையிலும் மேஸ்திரி கையிலும் வந்து நிற்கிறது. அரசிடம் கேட்க ஒன்றுதான் இருக்கிறது. தன் பணத்தில் எழும் வீடுகளுக்குத் தவணையை மட்டம் பார்த்துத்தான் விடுவிக்கிறார்கள். லிண்டல் மட்டத்தில் பட்டை சுற்றி ஓடுகிறதா, மூலையில் கம்பி வளைந்திருக்கிறதா என்று மேற்பார்வையாளர் ஒரு படம் எடுத்துச் சேர்த்தால் போதும். புது விதி வேண்டியதில்லை.

பழைய கல் வீடுகளுக்கு இது உதவாது. அவற்றுக்கு வேறு மருந்து, வேறு செலவு. கூரையின் கனத்தைக் குறைப்பதும், இரு முகத்தையும் கோக்கச் சுவரில் ஆங்காங்கே துளையிட்டுக் கம்பியும் கான்கிரீட்டும் செருகுவதும் கில்லாரிப் பக்கம் செய்து பார்த்தவைதான். அஸ்பெஸ்டாஸ் ஷீட்டின் மேல் காற்றுக்காக ஏற்றி வைத்த கல்லை இறக்கிவிட்டு ஷீட்டைப் போல்ட் போட்டு முடுக்குவது இன்றைக்கே செய்யக்கூடியது.

ஆடியில் பெரும்பாலோர் கடக்கால் தோண்டுவதில்லை. அடுத்த வாஸ்து நாள் ஆவணி 6. அதுவரை பிளானைப் பற்றித்தான் பேச்சு: வாசல் எந்தத் திசை, சமையலறை எந்த மூலை, ஈசானியத்தில் என்ன வரலாம். அந்தப் பேச்சோடு பேச்சாக இரண்டு வரி கூடச் சேர்க்கலாம். வாசல் எந்தத் திசையில் வந்தாலும் மூலையிலிருந்து ஒன்றரை அடியாவது தள்ளி வரட்டும். மேஸ்திரியோடு கூலி பேசும்போதே லிண்டலை 'சுற்றிலும்' என்று சொல்லி எழுதிக்கொள்ளலாம். கம்பி இறக்கியபின் சொன்னால் அது தனிக்கூலி.