புறாத்தீவில் நான் செய்த பிழை

ஹாலிஎலத் தேயிலைச் சரிவுகளிலே வளர்ந்த எனக்குக் கடல் என்பது நெடுங்காலம் கேள்விப்பட்ட செய்தியாகவே இருந்தது. நாற்பது கடந்தபின், விடுமுறையொன்றில், திருக்கோணமலையை அடுத்த நிலாவெளியிலிருந்து படகேறினேன். கரையிலிருந்து ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர் தொலைவிலே புறாத்தீவு. 1963இல் சரணாலயமாகவும் 2003இல் தேசியப் பூங்காவாகவும் பிரகடனம் செய்யப்பெற்ற சிறு தீவு அது.

முதுகிலே காற்றுக்கலன், கையிலே நீர்புகாப் புகைப்படக் கருவி, அருகிலே வழிகாட்டி. ஆழத்தில் யாவும் நீலமாகவே தோன்றின. ஒளியின் செந்நிறத்தையே நீர் முதலில் விழுங்கிவிடுகிறது. கருவியின் விளக்குப் பளிச்சிட்டதும், சாம்பல் நிறமாய்த் தெரிந்த மீனொன்று செக்கச் செவேலென நின்றது! இன்னும் அருகிற் படமெடுக்கும் ஆசையில் முன்சென்றேன். முழந்தாள் பட்டு, மான்கொம்பு போன்ற பவளக்கிளையொன்று முறிந்தது. வழிகாட்டி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையே போதுமாயிருந்தது.

பவளம் வெறுங்கல் அன்று. எண்ணற்ற சிற்றுயிர்கள் தலைமுறை தலைமுறையாகக் கட்டிய இல்லம். எங்கள் மலையிலே கவ்வாத்து வெட்டிய தேயிலை சில மாதங்களில் தளிர்த்துவிடும். நான் முறித்த கிளை மீண்டும் வளர ஆண்டுகள் பல வேண்டும்.

படம் நன்றாகவே வந்திருந்தது. மாணவர்கள் வியந்து பாராட்டினார்கள். அதற்குக் கொடுத்த விலையையும் அவர்களுக்குச் சொன்னேன். ஆசிரியன் மறைக்கலாகாத கணக்கு அது.